பால் கணக்கு நோட்டில் ஒரு மூச்சுக் கணக்கு: ஃப்ளூ காய்ச்சலை வீட்டில் வைத்துப் பார்த்த ஒரு நிகழ்வு ஆய்வு

கவுந்தப்பாடிக்கும் கோபிசெட்டிபாளையத்துக்கும் இடையில், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் கரும்பும் மஞ்சளும் விளையும் ஒரு தோட்டத்து வீட்டில், ஐப்பசி மழையின்போது நடந்த நிகழ்வு இது. நோயாளி 67 வயதுப் பெண்மணி. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிட்டு வந்தவர். வீட்டில் அவருடைய கணவர் (72), மூத்த மகன், 36 வயது மருமகள், எட்டு வயதுப் பேத்தி ஆகியோர் இருந்தனர். இவர்களோடு தீபாவளிக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்த, ஏழு மாதக் கர்ப்பிணியான மகளும் இருந்தார். அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் நான். குடும்பத்தின் சம்மதத்தோடு, அவர்களை அடையாளம் காண முடியாதவாறு சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

நோய் வீட்டுக்குள் வந்த வழி தெளிவானது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் இளைய மகன், பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு நெரிசலான பேருந்தில் ஊர் வந்து சேர்ந்தார். அன்று தொண்டை கரகரப்பும் இருமலும் மட்டுமே இருந்தன. பஞ்சுத் தூசியால் வரும் வழக்கமான இருமல் என்று அவரும் நினைத்தார், மற்றவர்களும் நினைத்தார்கள். மறுநாள் அவருக்கு உடம்பு அனத்தியது. ஃப்ளூ வைரஸ் உடலில் நுழைந்து ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் நோயாக வெளிப்படும். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே, தெரிந்த பிறகு ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை, அது பிறருக்குப் பரவும். மழைக்காக ஜன்னல்களைச் சாத்திவிட்டு எல்லோரும் ஒரே ஆசாரத்தில் (நடுக் கூடத்தில்) பாய் விரித்துப் படுத்த இரண்டு இரவுகள் அதற்குப் போதுமானவையாக இருந்தன.

முதல் இரண்டு நாட்கள்

பண்டிகை முடிந்த இரவு அந்த அம்மாவுக்குக் குளிர் நடுக்கத்துடன் 102.6 டிகிரி காய்ச்சல் வந்தது. கை கால் முறித்துப் போட்டதைப் போன்ற உடல் வலியும், கண்ணை அசைத்தாலே வலிக்கும் தலைவலியும், வறட்டு இருமலும் உடன் வந்தன. சாதாரணச் சளி மெல்லத் தொடங்கி மூக்கோடு நிற்கும். ஃப்ளூ அப்படியன்று. எந்த மணிக்குத் தொடங்கியது என்று நோயாளியே சொல்லும் அளவுக்குச் சட்டென்று ஆளைச் சாய்த்துவிடும்.

மறுநாள் காலை ஒரு மருந்துக் கடையில் ‘மூணு வேளைக்கு ஒரு செட்’ மாத்திரை வாங்கி வந்திருந்தார்கள். என்னிடம் வந்தபோது மிச்சமிருந்ததைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். பெயர் தெரியாதபடி வெட்டிய பட்டைகளில் அசித்ரோமைசின் என்னும் ஓர் ஆன்டிபயாடிக், டைக்ளோஃபெனாக் என்னும் வலி மருந்தும் பாராசிட்டமாலும் சேர்ந்த ஒரு மாத்திரை, டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு ஆகியவை இருந்தன. இதற்கு மேல் வீட்டிலிருந்த பாராசிட்டமால் 650 மி.கி. மாத்திரையையும் தனியாகக் கொடுத்து வந்தார்கள். ஒரே மருந்து இரண்டு வழியில் உள்ளே போவதை யாரும் அறியவில்லை. அசித்ரோமைசின் வைரஸை ஒன்றும் செய்யாது. ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிக் காட்டி, சர்க்கரையை ஏற்றி, நுரையீரலில் வேறு தொற்று நுழைய இடம் கொடுக்கும். ஐப்பசி டெங்குவின் காலமும் கூட. டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் ஆகியவற்றை மாத்திரையாகவோ ஊசியாகவோ தரவே கூடாது. அவை இரத்தக் கசிவை மோசமாக்கும்.

காய்ச்சல் தொடங்கி சுமார் 36 மணி நேரத்தில் அவரைப் பார்த்தேன். சாப்பிடவில்லை என்பதால் சர்க்கரை மாத்திரையையும் இரண்டு நாளாக நிறுத்தியிருந்தார்கள். விரல் நுனிச் சோதனையில் சர்க்கரை 286 இருந்தது. சாப்பிடாதவருக்குச் சர்க்கரை எப்படி ஏறும் என்று மகன் வியந்தார். காய்ச்சலின்போது உடல் சுரக்கும் ஹார்மோன்களே சர்க்கரையை ஏற்றிவிடும். இவருக்கு ஸ்டீராய்டும் சேர்ந்துகொண்டது. டெங்குவுக்கான என்எஸ்1 சோதனையில் நோய் இல்லை என்று வந்தது, தட்டணுக்களும் சரியாக இருந்தன. மூச்சு நிமிடத்துக்கு 18, ஆக்சிஜன் அளவு 97.

இந்தியச் சுகாதார அமைச்சகம் பருவ ஃப்ளூ காய்ச்சலை மூன்று வகையாகப் பிரிக்கிறது. லேசானது ‘ஏ’. கடுமையான காய்ச்சலும் தொண்டை வலியும் இருந்தாலோ, நோயாளி முதியவர், கர்ப்பிணி, குழந்தை, சர்க்கரை நோயாளி போன்று ஆபத்து மிகுந்தவராக இருந்தாலோ ‘பி’. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம், இரத்தம் கலந்த சளி, உதடு நீலம் பூத்தல் ஆகியவை இருந்தால் ‘சி’. ‘சி’ வகை நோயாளிக்கு மருத்துவமனையே இடம். இந்த அம்மா ‘பி’ வகை. சோதனை முடிவுக்குக் காத்திராமல், ஃப்ளூ வைரஸுக்கான மருந்தான ஒசெல்டாமிவிர் 75 மி.கி. காலையும் இரவும் ஐந்து நாட்களுக்கு எழுதினேன். நோய் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் முழுப் பயன் தரும் மருந்து அது. கடையிலிருந்து வந்த செட்டை முழுவதும் நிறுத்தச் சொன்னேன். பாராசிட்டமால் 650 மி.கி. ஒன்று மட்டும், ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்குக்கு மேற்படாமல் தரச் சொன்னேன். சர்க்கரை மாத்திரையை மீண்டும் தொடங்கி, வாந்தி வந்தால் மட்டும் அவற்றில் மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு என்னை அழைக்கச் சொன்னேன்.

“ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தீட்டா தெம்பு வந்துருமுங்களா, டாக்டருங்க?” என்று அவருடைய கணவர் கேட்டார். வாயால் குடிக்க முடிகிறவருக்கு அது தேவையில்லை, சர்க்கரை 286 இருப்பவருக்குக் கெடுதலும் கூட என்று விளக்கினேன். நம் பக்கத்தில் ஊசியும் பாட்டிலும் இல்லாத வைத்தியம் வைத்தியமாகத் தோன்றுவதில்லை. அந்த நம்பிக்கையோடு சண்டையிடுவதை விட, வீட்டில் செய்ய வேண்டிய வேலையைக் கையில் கொடுப்பதே பலன் தருகிறது என்பது என் அனுபவம்.

வீட்டில் செய்த ஏற்பாடு

மறுநாள் மாலை வீட்டுக்கே போனேன். மேற்குப் பக்கத்து அறையில் மஞ்சள் மூட்டைகள் அடுக்கியிருந்தன. எதிரெதிராக இரண்டு ஜன்னல்கள் உள்ள ஒரே அறை அதுதான். மூட்டைகளை ஆசாரத்துக்கு மாற்றிவிட்டு, அங்கே கட்டில் போடச் செய்தேன். தாழ்வாரத்தின் கீழ் இருக்கும் ஜன்னலில் சாரல் அடிக்காது என்பதால் அதை இரவும் பகலும் திறந்து வைத்தோம். மேசை மின்விசிறியை நோயாளியை நோக்கி வைக்காமல், அறைக் காற்றை வெளியே தள்ளும்படி ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வைத்தோம். காய்ச்சல்காரருக்குக் காற்றுப் படக் கூடாது என்று எல்லாவற்றையும் அடைப்பதுதான் நம் வழக்கம். போர்வை கொண்டு உடம்பை மூடலாம், அறையை மூடக் கூடாது.

கவனிப்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் மகள்தான் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது வழக்கம். ஆனால் கர்ப்பிணிக்கு ஃப்ளூ வந்தால் நிமோனியா வரையிலும் போகும் வாய்ப்பு அதிகம், காய்ச்சலின் சூடு சிசுவுக்கும் ஆகாது. பெரியவருக்கோ வயது 72. எனவே நாட்பட்ட நோய் எதுவும் இல்லாத மருமகள் அந்தப் பொறுப்பை ஏற்றார். அப்படியானால் மாடு கறப்பது, சமைப்பது, பிள்ளையைப் பார்ப்பது ஆகிய மூன்றும் அவர் தலையில் இருக்கக் கூடாது என்றும் சொன்னேன். மூத்த மகன் கறவையையும் சமையலையும் எடுத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க அரிசிம்பருப்புச் சாதமும் கொள்ளு ரசமுமே சமையல். யாரும் குறை சொல்லவில்லை. நோயாளியைப் பார்ப்பவரே வீட்டின் எல்லா வேலையையும் பார்க்கும்போதுதான் கை கழுவ மறக்கிறது, முகக்கவசம் தாடைக்கு இறங்குகிறது. இதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

அறைக்குள் நுழையும்போது மருமகள் மூன்றடுக்கு முகக்கவசம் அணிந்தார். ஆறடிக்குள் ஆள் வரும்போது நோயாளியும் அணிந்தார். ஈரமானால் மாற்றுவது, கழற்றும்போது காதுக் கயிற்றைப் பிடித்துக் கழற்றுவது, உடனே சோப்பு போட்டு இருபது விநாடி கை கழுவுவது, இவ்வளவுதான் முறை. பழைய வேட்டியைக் கைக்குட்டை அளவு கிழித்து வைத்து, இருமலுக்கும் சளிக்கும் அதையே பயன்படுத்திப் பையில் கட்டி அப்புறப்படுத்தினார்கள். தட்டு, டம்ளர், துணிகளை வழக்கமான சோப்பில் கழுவினாலே போதும். இந்த வைரஸின் வெளியுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைச் சிதைத்துவிடும். ஆனால் அழுக்குத் துணியை மார்போடு அணைத்துத் தூக்கக் கூடாது. கதவுப் பிடி, குழாய்த் திருகு, சுவிட்சு போன்ற கடினமான பரப்புகளில் வைரஸ் ஒரு நாளுக்கு மேலும் தாக்குப் பிடிக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தினமும் துடைத்தார்கள்.

டம்ளரை வாயில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கும் நம் பழக்கம் நல்லதுதான். இருமிக்கொண்டே படுத்திருப்பவர் அப்படிக் குடிக்க முடியாது, குடித்தால் புரையேறும். அதனால் அவருக்கென்று ஒரு டம்ளர் வைத்தோம். அன்றிரவே அந்த அம்மா, “என்னைய ஒதுக்கி வெச்சுப்போட்டீங்களா?” என்று மருமகளிடம் அழுதிருக்கிறார். தனி அறை என்று மருத்துவர் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு வாழ்நாள் முழுவதும் வீட்டின் நடுவில் இருந்தவருக்கு அது தண்டனையாகவே தெரியும். மறுநாளிலிருந்து பேத்தி தாழ்வாரத்தில், திறந்த ஜன்னலுக்கு எட்டத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து ஆத்தாவுக்குக் கதை படித்துக் காட்டினாள். அதன் பின்னரே அவர் கஞ்சியை முழுவதும் குடித்தார்.

வீட்டு மருந்தில் நான் பெரிதாகக் கை வைக்கவில்லை. கருப்பட்டி போடாத சுக்குக் காப்பி, உப்பிட்ட கஞ்சி, மோர் ஆகியவை நீர்ச்சத்துக்கு உதவின. நிலவேம்புக் கசாயம் வேண்டாம் என்றேன். அது சர்க்கரையைக் குறைக்கக் கூடியது, மாத்திரையோடு சேரும்போது கணக்குத் தவறும். கொதிக்கும் தண்ணீரில் ஆவி பிடிப்பதையும் தடுத்தேன். அதனால் வைரஸ் சாகாது. பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்து வந்தவர்களுக்கு, குழந்தைகள் உட்பட, நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

நோட்டு

இந்த நிகழ்வை எழுதத் தூண்டியது ஒரு நோட்டு. அந்த வீட்டில் காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார்கள். லிட்டரும் கொழுப்புச் சத்தும் எழுதும் கணக்கு நோட்டு ஒன்று ஆணியில் தொங்கும். அதன் பின்பக்கங்களில் கோடு போட்டு, பால் கறக்கும் இரண்டு வேளையும் நான்கு எண்களை எழுதும்படி மருமகளுக்குக் காட்டிக் கொடுத்தேன்: காய்ச்சல், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், சர்க்கரை. பக்கத்தில் குடித்த அளவும் சிறுநீர் போன தடவையும்.

மூச்சு எண்ணுவதை ஒருமுறை கூடவே உட்கார்ந்து செய்தோம். நோயாளிக்குத் தெரிந்தால் மூச்சு மாறிவிடும் என்பதால் அவர் கண்ணயர்ந்திருக்கும்போது எண்ண வேண்டும். கட்டிலின் கால்மாட்டில் நின்று, வயிற்றின் மேல் கிடக்கும் சேலை மடிப்பு ஒன்றைப் பார்வையில் வைத்துக்கொண்டு, அது ஒருமுறை எழுந்து தாழ்வதை ஒன்று என்று, கைப்பேசிக் கடிகாரத்தில் முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தவறு வரும். முதல் தடவை அவர் 21 என்றார், எனக்கு 20 வந்தது. அது போதும். 24ஐத் தாண்டினால் எந்த நேரமானாலும் எனக்கு அழைக்க வேண்டும், 30 ஆனால் என்னைக் கேட்காமலே 108க்கு அழைக்க வேண்டும் என்று நோட்டின் தலைப்பிலேயே எழுதினேன். ஆக்சிஜன் 94க்குக் கீழ் போவது, பேச்சு குழறுவது, நெஞ்சு வலிப்பது, எட்டு மணி நேரம் சிறுநீர் போகாதிருப்பது, விட்ட காய்ச்சல் திரும்புவது ஆகியவற்றையும் அதன் கீழே எழுதினேன். விரல் சில்லென்றிருந்தால் ஆக்சிஜன் கருவி தவறாகக் குறைத்துக் காட்டும் என்பதால், கையைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகே மாட்டச் சொன்னேன்.

ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும்

நான்காம் நாள் மாலை காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு, கட்டுத்தரை வரை நடந்துபோய் மாட்டைப் பார்த்து வந்தார். வீடே நிம்மதியானது. நோட்டில் அன்று மாலைப் பக்கம் காலியாகக் கிடந்தது. காய்ச்சல் போன பிறகு எதை எழுதுவது என்று மருமகள் அந்த ஒரு வேளையை விட்டுவிட்டார். குறை அவருடையதன்று. காய்ச்சல் விட்ட பிறகும் மூன்று நாள் எழுத வேண்டும் என்பதை நான் வாயால் சொன்னேனே தவிர நோட்டில் எழுதவில்லை. இதை என் தவறாகவே பதிவு செய்கிறேன்.

ஆறாம் நாள் மாலை, பால் ஊற்றிவிட்டு வந்த பெரியவர், “அவ மேமூச்சு வாங்கற மாதர இருக்குது, எண்ணிப் பாரு கண்ணு” என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறார். அவர் எண்ணியபோது 28. காய்ச்சல் 101.4. ஆக்சிஜன் அப்போதும் 95 காட்டியது. கருவியை மட்டும் நம்பியிருந்தால் அந்த இரவு வீட்டிலேயே கழிந்திருக்கும். மருமகள் தொலைபேசியில் என்னிடம் எண்களை மட்டும் வரிசையாகப் படித்தார்: முந்தாநாள் 18, நேற்றுக் காலை 20, இன்று காலை 22, இப்போது 28. நான் வேறெதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஈரோட்டில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினேன். போய்ச் சேர்வதற்குள் ஆக்சிஜன் 92 ஆகியிருந்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிமோனியா தெரிந்தது. தொண்டைச் சளியில் இன்ஃப்ளூயன்ஸா ஏ என்னும் ஃப்ளூ வைரஸ் உறுதியானது. ஒன்றரை நாள் ஆக்சிஜனும் நரம்பு வழி ஆன்டிபயாடிக்கும் கொடுத்து, சேர்த்த ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் நாள் தேவையில்லாதிருந்த ஆன்டிபயாடிக் இப்போது உயிர் காத்தது.

இந்த இரண்டாம் சுற்று ஏன் வருகிறது என்பதைக் குடும்பங்கள் அறிந்திருப்பது அவசியம். மூச்சுக் குழாயின் உட்சுவரில் சளியை வெளியே தள்ளும் நுண்மயிர்கள் இருக்கின்றன. ஃப்ளூ வைரஸ் அந்தச் சுவரை உரித்துவிடுகிறது. காய்ச்சல் விட்டாலும் சுவர் வளர நாளாகும். அந்த இடைவெளியில், தொண்டையில் சாதாரணமாகக் குடியிருக்கும் நிமோகாக்கஸ், ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் கீழே இறங்கிவிடுகின்றன. 1918ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது இப்படிப் பின்னால் வந்த நிமோனியாதான் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே முதியவருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் காய்ச்சல் விட்ட நாளிலிருந்து அடுத்த மூன்று நாட்களே கூர்ந்து பார்க்க வேண்டிய நாட்கள்.

வீட்டில் மற்றவர்கள்

கர்ப்பிணி மகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்டார்கள். ஏற்கெனவே நோயாளியோடு ஒரே ஆசாரத்தில் படுத்தவர், போகும் வீட்டுக்கும் அதைக் கொண்டுபோகக்கூடும். அதனால் அங்கேயே கிழக்கு அறையில் தனியாக இருக்கவைத்து, லேசான சூடு தெரிந்தாலும் அன்றே சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். நான்காம் நாள் அவருக்குக் காய்ச்சல் தொடங்கியது. நான்கு மணி நேரத்துக்குள் முதல் ஒசெல்டாமிவிர் வேளை போயிற்று. கர்ப்பத்திலும் அந்த மருந்தைக் கொடுக்கலாம். காய்ச்சலை இறக்கப் பாராசிட்டமால் மட்டுமே தந்தோம். சிசுவின் அசைவையும் அவரே எண்ணிக் குறித்து வந்தார். மூன்றே நாளில் தேறினார்.

பேத்திக்கும் லேசாக வந்து போனது. 22 கிலோ எடையுள்ள அவளுக்கு, கிலோவுக்கு 15 மி.கி. என்ற கணக்கில், 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள பாராசிட்டமால் சிரப் ஏறத்தாழ 6.5 மி.லி. தேவைப்பட்டது. வீட்டில் இருந்ததோ 5 மி.லி.யில் 120 மி.கி. மட்டுமே உள்ள பழைய பாட்டில். இரண்டும் ஒரே நிறம், ஒரே மணம். பாட்டிலில் இருக்கும் எண்ணைப் படிக்காமல் சமையல் கரண்டியில் ஊற்றுவதால் குறைவாகவும் போகும், அபாயமான அளவு கூடுதலாகவும் போகும். குழந்தைகளுக்கு ஃப்ளூவில் ஆஸ்பிரின் கூடவே கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோய்க்கூறு அதனால் வரலாம். காலையில் மருந்து கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்டதற்கு மறுத்துவிட்டேன். மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராதிருந்தால் மட்டுமே அனுப்பலாம்.

மருமகளுக்கும் மூத்த மகனுக்கும் பெரியவருக்கும் கடைசிவரை வரவில்லை. முகக்கவசத்தாலா, திறந்த ஜன்னலாலா, தற்செயலா என்று ஒரு வீட்டை வைத்து முடிவு சொல்ல முடியாது. மூன்றும் சேர்ந்தே இருந்தன என்று மட்டும் பதிவு செய்கிறேன்.

தமிழ்நாட்டில் ஃப்ளூ வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர், நவம்பரில் உச்சம் பெறுகிறது. தடுப்பூசி போட்டுப் பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும். அரசின் வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் இது இல்லாததால் பெரும்பாலானவர்கள் காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்கிறார்கள். அடுத்த ஆண்டு புரட்டாசியில் அந்த அம்மாவும் பெரியவரும் போட்டுக்கொண்டார்கள். திருப்பூரில் இருக்கும் மகனும் அன்று வந்து போட்டுக்கொண்டு திரும்பினார். மருமகள் தன் முறைக்குக் காத்திருந்தபோது அந்த நோட்டை எடுத்துக் காட்டினார். பின்பக்கத்தின் தலைப்பில் என் கையெழுத்துக்குக் கீழே, அவருடைய கையால் ஒரு வரி சேர்ந்திருந்தது: “காய்ச்சல் விட்டும் மூன்று நாள் எழுதணும்.”